வைக்கோல் போரின் பச்சைக் குடுமி

குத்தம்பாக்கம்,
12-3-1944, இரவு

நாகவல்லி,

இதை யாருக்கும் காட்டாதே. உன் அம்மாவுக்குக் காட்டாதே. உன் அப்பாவுக்குக் காட்டவே காட்டாதே. படித்து முடித்ததும் அடுப்பில் போடு. எரிந்த பிறகு சாம்பலையும் கிளறிவிடு. கணக்கு வாத்தியாரைப் பற்றி நீ எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டை, அவர் பார்த்துவிடுவார் என்று நான் மென்று விழுங்கினேனே, அதை நினைத்துக்கொண்டு எனக்காக இதைச் செய்.

வசந்தா அக்கா பக்கத்தில் தூங்குகிறாள். சிம்னி விளக்கைக் குறைத்து, பானை அடுக்குக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதுகிறேன். மண்ணெண்ணெய் கிடைக்காத காலத்தில் விளக்கு எரிவதை நைனா பார்த்தால் அதற்கே முதுகு பழுக்கும். எழுதுகிற விஷயம் தெரிந்தால் என்ன ஆகும் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது.

விஷயம் இதுதான். எங்கள் வீட்டு வைக்கோல் போருக்குள் நெல் இருக்கிறது.

தை மாதம் தண்டோரா போட்டார்கள். வீட்டுச் சாப்பாட்டுக்கும் விதைக்கும் போக மீதி நெல்லைச் சர்க்காருக்கு அளந்துவிட வேண்டும், அவர்கள் வைத்த விலைதான், ஒளித்து வைத்தால் ஜெயில். நைனா அளந்தார். ஆனால் எல்லாவற்றையும் அளக்கவில்லை. வைகாசியில் அக்காவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை கரையான்சாவடிக் கடைக்காரர் மகன் சம்பத். அவருடைய பெரியப்பா நிச்சயத்தன்றே, "எங்க சனம் பூராவும் வரும். எல நெறைய சோறு வுழணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதனால் ஒரு நாள் நைனா எங்களையெல்லாம் திருமழிசைக் கோயிலுக்கு அனுப்பினார். திரும்பி வந்தால் கொல்லையில் போர் போட்டு முடிந்திருந்தது. அவரே போட்டது. வருஷா வருஷம் எங்கள் போரைப் போடும் உன் அப்பா அறுப்புக்கு முந்தின நாள் ஆவடிக்குப் போனதிலிருந்து, "அவன் இல்லாட்டி எனக்குப் போர் போடத் தெரியாதா?" என்று சொல்லிக்கொண்டே இருந்தார் அல்லவா? போட்டுக் காட்டிவிட்டார். பார்த்தால் ஒரு பக்கம் சரிந்து, உச்சி தட்டையாக, ஏதோ மாதிரி இருக்கிறது.

நம் சிவப்புக் கோழி போர் மேல் முட்டை இடும். முட்டை எடுக்க ஏறினேன். வைக்கோலை விலக்கினால் என் கை முழங்கை வரை நெல்லுக்குள் போய்விட்டது. கீழே நைனா நின்றிருந்தார். "வெளிய மூச்சு வுட்டே, தோல உரிச்சிடுவேன்" என்றார். சொல்லிவிட்டு, வேலிக்கு அப்பால் யாராவது நிற்கிறார்களா என்று அவரே எட்டிப் பார்த்தார்.

நெல் ஆபீசர் திடீர் திடீரென்று வந்து வீடுகளைச் சோதிக்கிறாராம். விலங்கு போட்டு நைனாவை அழைத்துப் போனால் அக்கா கல்யாணம் என்ன ஆகும்? யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்கு வயிறு வெடித்துவிடும் போல இருந்தது. நீதான் இருக்கிறாய்.

வண்டிக்காரர் துலுக்கானம் ஆவடி ராணுவ முகாமுக்குக் கத்தரிக்காய் ஏற்றிக்கொண்டு போகிறார். அவரிடம் கொடுக்கிறேன். அவருக்கு எழுத்து தெரியாது, நல்லவேளை.

நைனா இருமுகிறார். விளக்கை அணைக்கிறேன்.

வடிவு


ஆவடி,
20-3-1944

வடிவு,

கடிதம் வந்தது. பாதி கத்தரிக்காய் வாசனை, பாதி அழுகை வாசனை.

உன் ரகசியம் பத்திரம். ஆனால் எனக்குக் கோபம், அதையும் எழுதிவிடுகிறேன்.

அப்பா இங்கே ரயில் பாதையோரம் சர்க்கார் தானியக் கிடங்கில் மூட்டை இறக்குகிறார். எங்களுக்கு ரேஷன் கார்டு. வெள்ளிக்கிழமை விடியும் முன்பே அம்மாவும் நானும் வரிசையில் நிற்போம். பாதி அரிசி, பாதி கோதுமை. கோதுமையை என்ன செய்வது என்று இந்த வரிசை வீடுகளில் ஒருவருக்கும் தெரியாது. அம்மா அதை அரிசி மாதிரி உலையில் கொட்டினாள். மத்தியானம் வாயில் போட்டதைச் சாயங்காலம் வரை மென்றோம். அப்பா, "தாடைக்குத் தனியா கூலி குடுப்பாங்களா?" என்று கேட்டார்.

பர்மா அரிசி கப்பலில் வந்தவரை யாரும் எதையும் யோசிக்கவில்லையாம். ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்தான், கப்பல் நின்றது, பட்டணத்துக்கு மூச்சு முட்டிவிட்டது. இனி ஒரே வழியை நம்பிக் கிடக்கக் கூடாது என்று சர்க்கார் ஊர் ஊராக நெல் வாங்கி, இங்கே ஒரு கிடங்கு, அங்கே ஒரு கிடங்கு என்று அடுக்குகிறது. ஒரு கப்பலோ ஒரு ரயிலோ வராமல் போனாலும் அடுத்த வாரம் உலை கொதிக்க வேண்டும், அதற்குத்தான் என்று கிடங்குக் குமாஸ்தா நாகப்பன் சொன்னார். ஆனால் கிடங்கு நிறையவில்லை. "வேகன் வரல" என்று கடைக்காரர் சொல்லும்போது எங்கள் வரிசை அப்படியே அமைதியாகிவிடும். சண்டை போடுகிற கிழவிகள்கூடப் பேச மாட்டார்கள். அந்த அமைதியை நீ கேட்டதில்லை.

உங்கள் வைக்கோல் போருக்குள் என்னுடைய வெள்ளிக்கிழமை ஒளிந்திருக்கிறது, வடிவு. வசந்தா அக்கா கல்யாணம் நன்றாக நடக்க வேண்டும் என்றுதான் எனக்கும் ஆசை. இரண்டையும் ஒன்றாக நினைத்தால் தலை வலிக்கிறது.

உன் கடிதத்தை அடுப்பில் போட்டேன். சாம்பலையும் கிளறினேன். அம்மா, "இன்னாடி தேடறே?" என்றாள். "பல்லு வெளக்கச் சாம்பல்" என்றேன். உனக்காக அன்று இரண்டாம் முறை பல் விளக்கினேன்.

நாகவல்லி


குத்தம்பாக்கம்,
20-4-1944, இரவு

நாகவல்லி,

ஒரு மாதம் எழுதவில்லை. கோபம். நாங்கள் என்ன திருடர்களா? எங்கள் நிலம், எங்கள் நெல். இப்படி ஒரு பக்கம் எழுதிக் கிழித்தேன். பிறகு உன் வரிசை நினைவுக்கு வந்தது. இன்னொரு பக்கம் எழுதி அதையும் கிழித்தேன். காகிதமும் கிடைப்பதில்லை. ஆகவே கோபத்தை விட்டுவிட்டேன்.

இப்போது கோபத்துக்கு நேரமும் இல்லை. வருஷப் பிறப்பன்று மழை கொட்டியது உங்களுக்கும்தானே? இங்கே இரவு முழுவதும் கொட்டியது. ஊரே சந்தோஷப்பட்டது. நைனா மட்டும் கொல்லை வாசலில் நின்று வானத்தைத் திட்டினார்.

ஒரு வாரம் ஆயிற்று. இன்று காலை எழுந்து பார்த்தால் எங்கள் போருக்குக் குடுமி முளைத்திருக்கிறது!

சிரிக்காதே. உச்சியில், நெல் இருக்கிற இடத்தில் மட்டும், பச்சைப் பசேலென்று, நாற்று மாதிரி அடர்த்தியாக. சுற்றிலும் மஞ்சள் வைக்கோல், நடுவில் பச்சைக் குடுமி. தெருக்கோடியிலிருந்து பார்த்தாலே தெரிகிறது. போரின் உச்சியைச் சரிவாக மூடவில்லை அல்லவா, தண்ணீர் நேராக உள்ளே இறங்கிவிட்டது.

முதலில் பார்த்தது பக்கத்து வீட்டு எத்திராஜ் மாமா. பல்குச்சியோடு வேலி ஓரம் வந்து நின்றார்.

"இன்னா மாமே, நாத்தங்கால மேல ஏத்திட்டே? கீழ எடம் பத்தலியா?"

"உதிரி நெல்லுய்யா. போன வருசம் உன் போருல மொளைக்கல?"

"மொளச்சிது. நாலு புல்லு. இதுக்கு எண்ண தடவிப் பின்னலே போடலாம் போல கீதே."

அவர் போனதும் நைனா ஏணி வைத்து, அரிவாளோடு ஏறினார். அவருக்கு ஏணியில் முழங்கால் ஆடும், உனக்குத் தெரியும். அம்மா கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு சாமியைக் கூப்பிட்டாள். நைனா போருக்குச் சவரம் செய்தார், நாகவல்லி. முழுச் சவரம். சாயங்காலம் பார்த்தால் மறுபடியும் பச்சையாக எட்டிப் பார்க்கிறது.

அதைவிட மோசம் வாசனை. போரிலிருந்து நெல் புழுக்குகிற வாசனை வருகிறது. கையை வைத்தால் சுடுகிறது. விடியற்காலையில் ஆவிகூட வருகிறது.

மே முதல் தேதி திங்கட்கிழமை நெல் ஆபீசர் எங்கள் ஊருக்கு வருகிறார். தண்டோரா போட்டுவிட்டார்கள். பெயர் வீரராகவனாம். கண்டிப்பானவராம். நைனா சாப்பிடுவதில்லை. அக்கா, "எனக்குக் கல்யாணமே வேணாம்" என்று அழுகிறாள். நான் என்ன செய்வது?

யாருக்கும் காட்டாதே.

வடிவு


ஆவடி,
25-4-1944

வடிவு,

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், பிறகு நீ திட்டு. அப்பாவிடம் சொல்லிவிட்டேன். காட்டாதே என்றாய், காட்டவில்லை. வாயால்தான் சொன்னேன்.

குடுமி என்ற இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இன்னாடி?" என்றார் அப்பா. அதற்குமேல் என்னால் அடக்க முடியவில்லை.

"திருவேங்கடம் போர் போட்டாரா? அவரா?" என்று அப்பா சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு மதுரைவீரன் ஓடிவந்து, "யாருக்கு வலிப்பு?" என்று கேட்டார். "ஏணில ஏறினா மொளங்கால் தந்தி அடிக்குமே அவருக்கு!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

சூடு, வாசனை என்று சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது. "அப்போ உள்ள வேவுது. இன்னும் ஒரு வாரம் வுட்டா எருவாப் பூடும். அவருக்கும் இல்ல, சர்க்காருக்கும் இல்ல" என்றார். இங்கே கிடங்கில் ஒரு மூட்டை நனைந்தாலும் உடனே பிரித்து வெயிலில் காயப்போடுவார்கள். ஒன்று கெட்டால் பக்கத்து மூட்டைக்கும் பரவுமாம்.

குமாஸ்தா நாகப்பனிடம் ஊர், பேர் சொல்லாமல் அப்பா கேட்டுப் பார்த்தார். ஆபீசர் சோதிப்பதற்கு முன் தானாகவே காட்டினால் கேஸ் போடுவதில்லையாம். சோதித்து எடுத்தால்தான் ஜெயில்.

ஞாயிற்றுக்கிழமை துலுக்கானம் வண்டியில் அப்பா வருகிறார். அம்மாவுக்கு இஷ்டமில்லை. "போ, கொல்லப்புறத்துல நிக்க வெச்சி வெரட்டுவாரு" என்றாள். "நான் கொல்லைல ஏன் நிக்கறேன்? போர் மேல இல்ல நிப்பேன்" என்றார் அப்பா.

நாகவல்லி


குத்தம்பாக்கம்,
27-4-1944

நாகவல்லி!

சொல்லிவிட்டாயா! உன்னை நம்பினேனே! உன் அப்பா வந்தால் ஊருக்கே தெரியும். நைனா என்னைக் கொன்றுவிடுவார். இல்லாவிட்டால் உன் அப்பாவை. அவர் பேரைச் சொன்னாலே அரிவாளைத் தேடுகிறார். வர வேண்டாம் என்று சொல். உடனே இந்தக் கடிதத்தைக் காட்டு. இதை மட்டும் காட்டலாம்.

வடிவு


ஆவடி,
30-4-1944, ஞாயிறு காலை

வடிவு,

உன் கடிதம் நேற்றே வந்தது. யாருக்கும் காட்டாதே என்று எத்தனை முறை எழுதியிருக்கிறாய்! அதனால் காட்டவில்லை.

அப்பா கிளம்பிவிட்டார். நானும் பயத்தோடுதான் இருக்கிறேன்.

நாகவல்லி


குத்தம்பாக்கம்,
3-5-1944, இரவு

நாகவல்லி,

நீ ஒரு ராட்சசி. நீ நன்றாக இருக்க வேண்டும்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறின நேரம். தெருவில் ஒரு குரல்: "அண்ணாத்தே! ஊட்ல கீறியா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உன் அப்பா இத்தனை வருஷமும் கொல்லைப் பக்கம் வந்து நின்று, "ஆண்டே" என்றுதானே கூப்பிடுவார்? தெருப்பக்கம் வந்து, அண்ணாத்தே என்று!

நைனா வெளியே போனார். நான் ஜன்னலில் ஒட்டிக்கொண்டேன்.

"யாருக்குடா நான் அண்ணாத்தே?"

"வேற எப்டி கூப்பிடறது? ஆவடில எல்லாரும் எல்லாருக்கும் அண்ணாத்தே தான். அத்த வுடு. உன் போர் பொகையுது. அத மொதல்ல பாப்போம்."

"அறுப்பு நேரத்துல வுட்டுட்டு ஓடினவன் தானே நீ?"

"ஓடினேன். நீ கூலி நெல்ல மரக்கால்ல அளக்கறப்போ தலைய வழிச்சி வழிச்சி அளந்தே. ஆவடில கூலிய அப்டி வழிக்கல. போனேன். நீயா இருந்தா போவ மாட்டியா?"

உன் அப்பா பக்கத்துச் சந்து வழியாகக் கொல்லைக்கு நடந்தார். போரைப் பார்த்தார். சுற்றி வந்து இன்னொரு முறை பார்த்தார். தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"அண்ணாத்தே, இன்னா இது? போரா, குந்திகினு கீற எருமையா?"

நைனா முறைத்தார். பிறகு அவரும் போரைப் பார்த்தார். சரிந்த முதுகு, மேலே பச்சைக் குடுமி. அவர் உதடு கோணியது. "எருமைக்கு ஏதுடா குடுமி?" என்றார். அவ்வளவுதான், இரண்டு பேரும் சிரித்தார்கள் பார். அம்மா அடுக்களையிலிருந்து ஓடிவந்து இரண்டு பேருக்கும் பித்துப் பிடித்துவிட்டது என்று நினைத்தாள்.

உன் அப்பா மேலே ஏறி உச்சியைப் பிரித்தார். குப்பென்று ஆவி. மேல்பக்கத்து நெல் முழுவதும் முளைத்து, வேரோடு வேர் பின்னி, பாய் மாதிரி ஆகியிருந்தது. அதைச் சுருட்டிக் கீழே தள்ளினார். மாடுகள் அதைத் தின்ற வேகம்! அக்கா கல்யாணத்தின் முதல் பந்தி அவற்றுக்குத்தான். அதற்குக் கீழே இருந்தது சூடாக இருந்தது, ஆனால் கெடவில்லை. அடியில் இருந்தது நன்றாகவே இருந்தது.

"எத்தினி பேரு பாப்பாங்க! எங்க காய வெக்கறது?" என்றார் நைனா.

"களத்துலதான். வேற எங்க மறுபடி ஒளிப்பே? கெணத்துக்குள்ளயா? அங்க குடுமி இல்ல, தவள மொளைக்கும்."

எத்திராஜ் மாமா வேலி ஓரம் வந்து, "நான் அப்பவே சொன்னேன்" என்று ஆரம்பித்தார். நைனா, "சொன்ன வாய மூடிகினு ஒரு மொறத்த எடுத்துகினு வா" என்றார். வந்தார். சாயங்காலத்துக்குள் களம் முழுவதும் எங்கள் நெல், ஊரே பார்க்க. யார் வருகிறார்களோ என்று நான் தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் மூன்று மாதத்தில் முதல் முறையாக அன்றைக்குத்தான் நைனா இரண்டாம் முறை சோறு கேட்டுச் சாப்பிட்டார்.

மறுநாள் ஆபீசர் வந்தார். ஒல்லியான மனிதர், சைக்கிள், குடை. உன் அப்பா இரவு எங்கள் கொட்டகையில் தங்கிவிட்டார், புதுசாகப் போரைப் போட்டு முடிக்க வேண்டும் என்று. நைனா களத்து நடுவில் போய் நின்றார். வேட்டியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டார்.

"சார், இது கணக்குல வராத நெல்லு. மக கல்யாணத்துக்குப் போருக்குள்ள வெச்சேன். நானே சொல்றேன்."

ஆபீசர் நெல்லைப் பார்த்தார். பிரித்த வைக்கோலைப் பார்த்தார். வாயில் பச்சையாகத் தொங்கவிட்டு அசைபோடும் எங்கள் மாட்டைப் பார்த்தார்.

"திருமழிசை வரைக்கும் புழுங்கல் வாசனை வருதுய்யா. இந்தப் பக்கம் புதுசா அரிசி மில்லு வந்திருக்கோன்னு நெனச்சேன்" என்றார். "நீயா சொன்னதால பொழச்சே. நான் கேட்டிருந்தா வேற மாதிரி ஆயிருக்கும்."

கேஸ் இல்லை, நாகவல்லி! கேஸ் இல்லை! வீட்டுப் பங்கு கொஞ்சம் விட்டுவிட்டு மீதியைக் காய்ந்ததும் சர்க்காருக்கு அளக்கச் சொன்னார். உன் அப்பாவைக் காட்டி, "இவர் யார்?" என்றார். நைனா, "நம்ம ஆளு" என்றார். உடனே, "ஆவடிலேருந்து வந்து கீறாரு" என்று சேர்த்துக்கொண்டார். கீறாரு! கீறான் இல்லை!

கரையான்சாவடிப் பெரியப்பாவுக்கு ஆள் அனுப்பி உண்மையைச் சொன்னோம். அவர் குதித்தாராம். மாப்பிள்ளைதான், "கடையில ஒக்காந்து தெனம் அரிசி இல்ல அரிசி இல்லன்னு சொல்றவன் நானு. என் கல்யாணத்துல எல நெறைய கொட்டினா நாளைக்கி எவன் முகத்துல முழிப்பேன்?" என்றாராம். அக்கா இதைக் கேட்டுவிட்டு ஒரு மணி நேரமாகக் கண்ணாடி பார்க்கிறாள்.

உன் அப்பா கிளம்பும்போது நைனா, "வைகாசி பதினஞ்சு. ஊட்டோட வந்துடு" என்றார். உண்மையாகவே சொன்னார்.

வடிவு


ஆவடி,
14-5-1944

வடிவு,

அப்பா திரும்பி வந்து மூன்று நாள் உங்கள் எருமையைப் பற்றித்தான் பேசினார். புதுப் போரில் ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்கினால் தன் பேர் வேம்புலி இல்லை என்கிறார்.

போன புதன்கிழமை குத்தம்பாக்கத்து மூட்டைகள் கிடங்குக்கு வந்தன. ஒன்றைத் தோளில் ஏற்றியதும் நின்றாராம். சாக்குத் தையலில் வைக்கோல் துண்டு. "இது நம்ம வடிவு ஊட்டு நெல்லு" என்று சொல்லிவிட்டுத்தான் அடுக்கினாராம். வெள்ளிக்கிழமை எங்கள் சோற்றில் லேசாக வைக்கோல் வாசனை அடித்தது. அது உங்கள் நெல்லாக இருக்க முடியாது, அதை இன்னும் குத்தவே இல்லை. ஆனாலும் அப்படி நினைத்துக்கொண்டு சாப்பிட்டேன். நன்றாக இருந்தது.

கல்யாணத்துக்கு வருகிறோம். கையில் கோதுமை கொண்டுவருகிறோம். சிரிக்காதே! மதுரைவீரன் ராணுவச் சமையல்காரர் ஒருவரிடம் கற்றுக்கொண்டு வந்தார். கோதுமையை ஊறவைத்து, இடித்து, வெல்லம் போட்டுக் கொதிக்கவிட்டால் பாயசம். இந்த வரிசை வீடுகளில் எல்லோரும் தாங்கள் மெல்ல முடியாத கோதுமையை எங்களிடம் கொடுத்திருக்கிறார்கள். உங்கள் பந்திக்கு அரிசி குறைந்தால் பாயசம் நிரப்பும்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். உன் வீட்டுக்கு எத்தனையோ முறை வந்திருக்கிறேன். ஒரு முறைகூடத் தெருக்கதவைத் தட்டினதில்லை. கொல்லையில் நின்று காக்காய் மாதிரி கத்துவேன், நீ வருவாய். பள்ளிக்கூடம் போகும்போதுகூட ஏரிக்கரை திரும்பிய பிறகுதானே சேர்ந்து நடப்போம்? இந்த முறை நான் தெருக்கதவைத் தட்டுவேன், வடிவு. கொல்லைக்குப் போகச் சொன்னால் பாயசத்தோடு திரும்பிவிடுவேன். உன்மேல் கோபம் இருக்காது. ஆனால் திரும்பிவிடுவேன்.

நாகவல்லி


குத்தம்பாக்கம்,
27-5-1944, இரவு

நாகவல்லி,

இதைத் துலுக்கானத்திடம் கொடுக்க முடியாது. அவர் உங்களை அழைத்து வரத்தான் போயிருக்கிறார். நீ வந்ததும் கையிலேயே கொடுத்துவிடுவேன். இருந்தாலும் எழுதுகிறேன், ஏனென்றால் பயமாக இருக்கிறது. பயந்தால் உனக்கு எழுதித்தான் பழக்கம்.

விடிந்தால் முகூர்த்தம். வீடு நிறைய ஆட்கள். நான் பழையபடி பானை அடுக்குக்குப் பின்னால் இருக்கிறேன். இன்று விளக்கு எரிந்தால் யாரும் கேட்க மாட்டார்கள், கல்யாண வீடு.

காலையில் நைனாவிடம் கேட்டே விட்டேன். தோரணம் கட்டிக்கொண்டிருந்தார். "நாகவல்லி வந்தா தெருக்கதவ தட்டுவா நைனா" என்றேன். ஏணியில் முழங்கால் தந்தி அடித்தது. "அந்த மாவெலய எடு" என்றார். அவ்வளவுதான். இதற்கு என்ன அர்த்தம், நீயே சொல்.

கரையான்சாவடிப் பெரியப்பா தெருக்கதவை ஒட்டி, நடையிலேயே பாய் போட்டுப் படுத்திருக்கிறார். யார் வந்தாலும் அவரைத் தாண்டித்தான் வர வேண்டும். நைனா அவர் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். அவர் எதிரில் நைனா என்ன செய்வார்? நானே போய்த் திறக்கலாம். திறப்பேன். ஆனால் நைனா திறந்தால்

வண்டிச் சத்தம் கேட்கிறது. மாட்டு மணி. துலுக்கானம் மாடுதான், ஒரு மணி உடைந்தது.

தட்டுகிறார்கள். தெருக்கதவு.

"யாருய்யா அது இந்நேரத்துல?" பெரியப்பா.

நீதான். உன் குரல்தான். "நாகவல்லி! ஆவடிலேருந்து!" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்துகிறாயே!

நைனா எழுந்துவிட்டார். "கொல்லப் பக்கமா" என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார். "பெரியவரே, பாயக் கொஞ்சம் நகத்துங்க, எங்க ஊட்டு சனம் வந்து கீது" என்கிறார். நாகவல்லி, தாழ்ப்பாள் சத்தம் உனக்கு அந்தப் பக்கம் கேட்கிறதா, நான்